திருவயோத்தியை நினைந்து தலைநகர் துறந்த குலசேகரப் பெருமாள்

முக்தியளிக்கும் நகரங்கள் ஏழு என்று புராணங்கள் கணக்கிடுகின்றன. அயோத்தி, மதுரை எனப்படும் வடமதுரை, மாயை எனப்படும் ஹரித்வாரம், காசி, காஞ்சி, அவந்திகை எனப்படும் உஜ்ஜயினி, துவாரகை என்னும் இவ்வேழில் முதற்கண் வைத்து எண்ணப்படுவது அயோத்தி. இவற்றுள் பெரும்பாலானவை அரசர்கள் கொலுவீற்றிருந்த ராஜதானிகளே. அரசன் இருந்தமையால் மட்டும் ஒரு நகருக்கு இப்பெருமை வந்துவிடாது. வந்திருக்குமாயின் மண்மூடிப் போன தலைநகரங்கள் அனைத்தும் புண்ணிய க்ஷேத்திரங்களாகியிருக்கும்.

அயோத்தி என்னும் சொல்லுக்குப் போரிட்டு வெல்ல இயலாதது என்பது பொருள். எட்டுச் சக்கரங்களும் ஒன்பது வாயில்களும் கொண்ட தேவர்களின் நகர் என்று அதர்வ வேதம் இப்பெயரை வழங்குமிடத்தில், அது ஆத்மா உறையும் இம்மானிட சரீரத்தையே குறிக்கும் என்று பெரியோர் பொருள் உரைப்பர். சரயு நதிக்கரையில் கோசல தேசத்துத் தலைநகராக விளங்கிய அயோத்தியையோ மநு சக்கரவர்த்தியே நிர்மாணித்தார் என்று ஸ்ரீ வால்மீகி பகவான் அருளிச்செய்கிறார். பன்னிரண்டு யோஜனை நீளமும் மூன்று யோஜனை அகலமும் உடையது அந்நகர். நாள்தோறும் நீர் தெளித்து மலர் தூவப்பெற்ற ராஜவீதிகளும், ஆழ்ந்த அகழியும், மதில்மேல் ஏற்றிய பொறிகளும், பல தேசத்து வணிகர்களும் நிறைந்தது. பொய்யுரைப்பவனும் வறியவனும் அங்கில்லை.

இத்தனை சிறப்புடைய நகரை அதன் நாயகன் ஒரே நாளில் விட்டு நீங்கினான் என்பதுதான் ஸ்ரீராமாயணத்தின் உயிர்நிலை. முடிசூட நாள் குறித்த சக்கரவர்த்தித் திருமகன் மரவுரி தரித்து வெளியேறினார். நகர மாந்தர் தமஸா நதிக்கரை வரையில் பின்தொடர்ந்து, அங்கே உறங்குகையில் அவரை இழந்தனர். பரதாழ்வான் நந்திக்கிராமத்தில் இருந்துகொண்டு, பாதுகைகளைச் சிங்காதனத்தில் எழுந்தருளப் பண்ணிப் பதினான்கு ஆண்டுகள் நாட்டைக் காத்தார். அவதார காலம் நிறைவுற்றபோதோ, பெருமாள் நகரத்து மாந்தரையும் மற்றுமுள்ள பிராணிகளையும் உடன்கொண்டு சரயுவில் இறங்கினார் என்றும், அதன்பின் நெடுங்காலம் அயோத்தி ஆளின்றிக் கிடந்தது என்றும் உத்தரகாண்டம் கூறும். புல்லையும் எறும்பையும் விடாமல் உய்வித்த இச்செயலில் ஈடுபட்டு நம்மாழ்வார் பாடியருளினார்.

அயோத்தியை விட்டு வேறொரு செல்வமும் வெளியேறியது. இக்ஷ்வாகு குலத்து அரசர்கள் வழிவழியாக ஆராதித்து வந்த குலதனம் ஸ்ரீரங்க விமானம். பட்டாபிஷேகம் கண்டு இலங்கைக்கு மீளும் விபீஷணாழ்வானுக்குப் பெருமாள் அதனைத் தந்தருள, அவர் வழியில் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கத்தில் இறக்கி வைக்க, மீண்டும் எடுக்க முடியாதபடி அங்கேயே அது நிலைபெற்றது என்பது ஸ்தல மாஹாத்மியம். இராமபிரான் தொழுத எம்பெருமான் ஆகையால் அரங்கநாதன் பெரிய பெருமாள் என்றும், இராமபிரான் பெருமாள் என்றும் நம் ஸம்பிரதாயத்தில் வழங்கப்பெறுவர். இவ்விரு திருநாமங்களோடும் சேர்த்துப் பெருமாள் என்றே அழைக்கப்பெற்ற அரசர் ஒருவர் உண்டு. அவரே குலசேகராழ்வார்.

மலைநாட்டில், கொல்லிநகர் என்றும் திருவஞ்சிக்களம் என்றும் கூறப்படும் சேரர் தலைநகரில், த்ருடவ்ரதன் என்னும் மன்னனுக்குத் திருக்குமாரராக, ஸ்ரீ கௌஸ்துபத்தின் அம்சமாக, மாசி மாதத்துப் புனர்பூச நன்னாளில் இவர் திருவவதரித்தார் என்று குருபரம்பரை கூறும். புனர்பூசம் இராமபிரானுக்கும் திருநக்ஷத்திரமாயிற்றே! அத்தலைநகரே கல்வெட்டுக்களிலும் பிற நூல்களிலும் மகோதயபுரம் எனப்படுவது. இன்று கேரள தேசத்தில் கொடுங்கல்லூர் என வழங்கும் ஊர். மேற்குக் கடற்கரையில், பெரியாறு கடலோடு கலக்கும் பக்கத்தில் அமைந்து, மரக்கலங்கள் வந்து தங்கும் துறைமுகமாகவும் அது இருந்தது. சரித்திர ஆராய்ச்சியாளரில் பலர் ஆழ்வாருடைய காலத்தைக் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டி வைப்பர்.

சாஸ்திரங்களையும் படைக்கலப் பயிற்சியையும் முறைப்படி கற்றுத் தேர்ந்த குலசேகரர், பருவம் எய்தியதும் முடிசூடினார். கொல்லிக்கும், கூடலாகிய மதுரைக்கும், கோழியாகிய உறையூருக்கும் தாம் தலைவர் என்று தம் பாசுரங்களின் முடிவில் அவர் கூறிக்கொள்வதால், மூன்று தலைநகரங்களும் அவர் பெயரோடு சேர்ந்து நிற்கின்றன. நாற்படையும் நவநிதியும் இருந்தன. எதிர்த்தார் பணிந்தனர். போர்களைப் பற்றிக் குருபரம்பரை அதிகம் விரிப்பதில்லை. விரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர் திருவுள்ளம் வேறொரு போர்க்களத்தில் இருந்தது.

அரண்மனையில் நாள்தோறும் ஸ்ரீராமாயண உபந்யாஸம் நடைபெறும். ஒருநாள் ஜனஸ்தானத்துக் கட்டம் வந்தது. கரதூஷணர்களோடு பதினாலாயிரம் அரக்கர் திரண்டு வர, பிராட்டியை இளைய பெருமாளோடு குகையில் இருத்திவிட்டுப் பெருமாள் ஒருவராக எதிர்நின்றார் என்று பௌராணிகர் கூறினார். கேட்டிருந்த அரசர் நெஞ்சு பதறி எழுந்தார். பெருமாளுக்குத் துணையாகச் சேனை உடனே புறப்படுக என ஆணையிட்டுத் தாமும் வில்லேந்தி முன்னே நடந்தார். என்றோ முடிந்துபோன யுத்தம் என்பதை அவரிடம் எடுத்துரைக்க எவருக்கும் துணிவில்லை. பௌராணிகர் சமயமறிந்து, பெருமாள் ஒருவரே அரக்கர் அனைவரையும் முடித்தார் என்றும், பிராட்டி அவர் திருமேனிப் புண்களை ஆற்றத் தழுவிக்கொண்டாள் என்றும் விரைந்து சொல்லவே, சேனை திரும்பிற்று.

அதுமுதல் பௌராணிகர் துயரமான பகுதிகளைச் சுருக்கி, மகிழ்ச்சிக்குரியவற்றை விரித்துச் சொல்லி வந்தார். பின்னொரு நாள் அவருக்கு வர இயலாமற் போக, அவர் மைந்தர் வந்து கதை சொன்னார். அரசர் இயல்பை அறியாத அவ்விளைஞர், பிராட்டியை இராவணன் கவர்ந்து சென்றதை உள்ளபடியே சொல்லிவிட்டார். அவ்வளவில் அரசர் இலங்கையை அழிக்கச் சேனையோடு கிளம்பிக் கடலையடைந்து, கழுத்தளவு நீரில் இறங்கிவிட்டார். அப்போது பெருமாளே பிராட்டியோடும் இளைய பெருமாளோடும் காட்சி தந்து, பகைவனை முடித்து மீண்டதைத் தெரிவித்து, அவரைக் கரையேற்றி நகருக்கு அனுப்பியருளினார் என்பர் பெரியோர். வால்மீகியின் அயோத்தி அவருக்குப் பழங்கதையாக இல்லை. அண்டை நாட்டுச் செய்திபோல் இருந்தது.

இதனால் தலைநகரின் தன்மையே மாறத் தொடங்கிற்று. அரண்மனை வாயிலில் பாகவதர்கள் தடையின்றிப் புகுந்தனர். அவர்களுக்கு அமுது செய்விப்பதும், அவர்களோடு பகவத் விஷயம் பேசுவதுமே அரச காரியம் ஆயிற்று. திருவரங்க யாத்திரைக்கு அரசர் புறப்படுகிறார் என்று அந்நகரில் நாள்தோறும் பறை சாற்றப்பட்டதாம். அவரைப் போற்றும் தனியன் ஒன்று அத்தலைநகரை இந்த ஒரு காரியத்தைக் கொண்டே அடையாளம் காட்டுகிறது. பறை சாற்றிய நாட்களிலெல்லாம் பயணம் நடந்துவிடவில்லை. அரசர் நாட்டைவிட்டுப் போய்விடுவாரோ என்றஞ்சிய அமைச்சர்கள், புறப்படும் வேளை பார்த்துப் பாகவதர் சிலரை எதிரே வரச் செய்வார்கள். அவர்களை உபசரிப்பதில் அன்றைய பொழுது கழியும். மறுநாள் மீண்டும் பறை முழங்கும்.

அமைச்சர்களை முற்றிலும் கொடியவர் என்று தள்ளிவிடுதல் முறையன்று. அரசன் சிங்காதனத்தில் இல்லாத நாட்டில் குடிகள் படும் பாட்டை அயோத்தியா காண்டத்திலேயே மார்க்கண்டேயர் முதலிய பெரியோர் விரித்துரைத்திருக்கின்றனர். அந்தக் கவலை இவ்வமைச்சர்களுக்கும் இருந்திருக்கும். ஆனால் அவர்கள் மேற்கொண்ட வழி தவறானது. அரசருடைய திருவாராதனப் பெருமாளாகிய இராமபிரானுக்குச் சாத்தும் ரத்தின ஹாரம் ஒன்றைத் தாங்களே மறைத்து வைத்து, உட்புகுந்து பழகும் வைஷ்ணவர்களே அதனை எடுத்திருக்க வேண்டும் என்று அரசரிடம் கூறினார்கள்.

அரசர் விசாரணைக்கு ஆணையிடவில்லை. எம்பெருமானுடைய அடியார் பிறர் பொருளை மனத்தாலும் தீண்டார் என்று கூறி, அதனை மெய்ப்பிக்கக் குடத்தில் நாகப்பாம்பு ஒன்றை இட்டுக் கொண்டுவரச் செய்தார். அடியார் குற்றமற்றவராயின் இது என்னைத் தீண்டாதிருக்கக் கடவது என்று ஸத்தியம் செய்து, சபையோர் நடுவே அக்குடத்தினுள் கையை விட்டார். பாம்பு தீண்டவில்லை. அமைச்சர்கள் நடுநடுங்கி ஹாரத்தைக் கொண்டுவந்து வைத்துத் திருவடிகளில் விழுந்தார்கள். அரசர் அவர்களைத் தண்டியாமல் பொறுத்து, அடியாரிடத்தில் அபசாரம் நேராமல் இனி நடந்துகொள்ளுமாறு மட்டும் பணித்தார். இந்நிகழ்ச்சியை மணக்கால் நம்பி, பெருமாள் திருமொழிக்குத் தாம் அருளிய தனியனில் பொதிந்து வைத்துள்ளார்.

பாம்புக் குடத்திலிருந்து கையை எடுத்த அன்றே அரசுரிமையிலிருந்தும் அவர் கையை எடுத்துவிட்டார் என்று சொல்லலாம். பகவானையும் அடியாரையும் அறியாதவரோடு கூடியிருக்கும் வாழ்வு நெருப்பின் நடுவே இருப்பது போன்றது எனக் கருதி, மைந்தனுக்கு முடிசூட்டிவிட்டுத் திருவரங்கம் புறப்பட்டார். நெடுநாள் முழங்கிய பறை அன்று மெய்யாயிற்று. தம் திருமகள் சேரகுலவல்லியைச் சீதனங்களோடு அரங்கநாதனுக்கே திருமணம் செய்து கொடுத்தார். ஸ்ரீராமநவமியன்று நம்பெருமாள் சேரகுலவல்லித் தாயாரோடு சேர்த்தி ஸேவை ஸாதிப்பது அதனை ஒட்டியே. பெரிய கோயிலின் மூன்றாம் திருச்சுற்றும் குலசேகரன் திருச்சுற்று என்று இவர் பெயரால் வழங்கி வருகிறது. இராமபிரான் அயோத்தியில் தொழுத பெருமானைத் தேடிச் சென்றவர் அயோத்திக்கே சென்றவர் ஆனார்; வடநாட்டு யாத்திரை அவருக்கு மிகையாயிற்று.

அவர் அருளிச்செய்த பெருமாள் திருமொழி பத்துப் பதிகங்களும் நூற்றைந்து பாசுரங்களும் கொண்டது. முதல் மூன்று பதிகங்கள் திருவரங்கத்திற்கே உரியவை. அரங்கனைக் கண்ணாரக் காணும் நாள் எந்நாளோ என்று ஏங்குகிறது முதற் பதிகம். இரண்டாவதில் அவர் அரங்கனையும் தாண்டி அடியார்களிடம் வந்துவிடுகிறார். அவர்கள் திருவடித் தூளியில் திளைப்பவர்க்குக் கங்கை நீராட்டத்தில் ஆசை எதற்கு என்பது அங்கே கேள்வி. இப்பதிகத்தைத் திருவிழாவில் விண்ணப்பம் செய்வதற்கு ஏற்பட்ட தானத்தைக் குறிக்கும், முதற் குலோத்துங்க சோழன் காலத்து 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஸ்ரீரங்கத்தில் உள்ளது. எம்பெருமானார் வாழ்ந்த காலத்திலேயே ஆழ்வாரின் திருவாக்கு பெரிய கோயிலில் ஒலித்தமைக்கு அது சான்று.

நான்காம் பதிகம் திருவேங்கடத்தைப் பற்றியது. இங்கேதான் பழைய ராஜதானி அவர் நினைவில் எழுகிறது, எழுவது விலக்கப்படுவதற்காகவே. யானைப் பிடரியில் அமர்ந்து செல்லும் செல்வமும், விண்ணுலகை ஆளும் அரசும் வேண்டா என்கிறார். பின் என்னதான் வேண்டும்? கோனேரியில் வாழும் நாரையாகப் பிறந்தாலும் போதும். நாரை பறந்து போய்விடலாம் என்று தோன்றியதோ, சுனையில் மீனாக வேண்டுகிறார். பிறகு பொன்வட்டில் ஏந்தும் பணியாள், செண்பக மரம், பயனற்ற புதர், மலைச்சிகரம், காட்டாறு, அடியார் நடக்கும் வழி என்று படிப்படியாக இறங்கி, முடிவில் ஸந்நிதி வாசலில் கிடக்கும் படியாக வேண்டினார். அடியாரும் தேவரும் மிதித்து ஏறவேண்டும். தாம் அங்கே கிடந்து பெருமானுடைய திருவாயைக் கண்டுகொண்டேயிருக்க வேண்டும். பெருமாள் கோயில்களில் கர்ப்பகிருஹத்து வாசற்படிக்குக் குலசேகரன் படி என்னும் பெயர் இதனால் உண்டாயிற்று. திருவிழாவுக்கு வந்து ஸேவிக்கும் அன்பர்கள், தீபாராதனையின்போது கண்களைச் சற்றே தாழ்த்தினால் அப்படியையும் ஸேவிக்கலாம். அயோத்தியில் சிங்காதனத்தின்மேல் பாதுகை இருந்தது. இங்கே சிங்காதனத்தில் இருந்தவர் பாதுகை படும் இடத்திற்கு வந்துவிட்டார்.

மலைநாட்டுத் திருவித்துவக்கோட்டு எம்பெருமானைப் பாடும் ஐந்தாம் பதிகத்தில் வேறு புகல் இல்லாமையை உவமைகளால் விளக்குகிறார். சினந்து தள்ளும் தாயின் அருளையே நினைந்து அழும் குழவி, அறுத்தும் சுட்டும் மருந்திடும் வைத்தியனிடம் அன்பு மாறாத நோயாளி, நடுக்கடலில் கரை காணாமல் பாய்மரத்திற்கே மீண்டும் வரும் பறவை ஆகியன யாவரும் அறிந்தவை. அவற்றினிடையே, வேந்தன் கண்ணெடுத்துப் பாராவிடினும் அவன் செங்கோலையே நோக்கி வாழும் குடிகளையும் ஓர் உவமையாக வைத்தார். செங்கோல் பிடித்திருந்த கை எழுதியது ஆதலால், அதன் அருமை தனி. தம் தலைநகரில் எத்தனை குடிகளின் முகத்தை அவர் அவ்வாறு கண்டிருப்பாரோ!

திருக்கண்ணபுரத்து எம்பெருமானை இராமனாகவே கண்டு, கௌசல்யையின் நிலையில் நின்று பாடிய தாலாட்டு எட்டாம் பதிகம். அடுத்ததில் அதே பிள்ளையைக் காட்டுக்குப் போக்கிய தசரதனாகப் புலம்புகிறார். முந்திய பதிகத்தில் தொட்டிலில் கிடந்தவர் இப்போது வெயிலிலும் கல்லிலும் நடக்கிறார். தம் மைந்தனுக்கு எளிதில் முடிசூட்டிவிட்டு வந்தவர், முடிசூட்ட நினைத்து முடியாமற் போன தகப்பனின் துயரத்தைப் பாடியிருக்கிறார். அயோத்தி அவர் பாசுரங்களில் அதிகம் கனப்பது இவ்விடத்திலேயே. பத்தாம் பதிகத்தில் தில்லைத் திருச்சித்ரகூடத்துப் பெருமானை முன்னிட்டு, அயோத்தியில் அவதரித்தது முதல் சராசரங்களை வைகுந்தம் ஏற்றியது வரையில் ஸ்ரீராமாயணம் முழுவதையும் பதினொரு பாசுரங்களில் அடக்கினார்.

வடமொழியில் முகுந்தமாலை என்னும் ஸ்தோத்திரமும் இவர் அருளியதென்பது ஸம்பிரதாயம். பிற்காலத்தில் பாண்டிய நாட்டுக்கு எழுந்தருளி, தாமிரபரணிப் பக்கத்தில் அம்பாசமுத்திரத்தை அடுத்த மன்னார்கோயிலில் இராஜகோபாலனை ஆராதித்து வாழ்ந்து, தம் அறுபத்தேழாம் பிராயத்தில் பரமபதித்தார் என்பர். அங்கே ஆழ்வாருக்குத் தனி ஸந்நிதி உண்டு. அக்கோயிலை முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில் இராஜேந்திரசோழ விண்ணகரம் என்னும் பெயரால் எடுப்பித்தவரும் சேர மன்னர் ஒருவரே என்று கல்வெட்டால் தெரிகிறது.

அவர் துறந்து சென்ற தலைநகர் என்னவாயிற்று? சேரப் பெருமாள்களின் ஆட்சி பன்னிரண்டாம் நூற்றாண்டில் முடிவுற்றது. 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து துறைமுகம் மணல் மேடிட, கப்பல் போக்குவரத்து கொச்சிப் பக்கம் திரும்பியது என்று கூறுவர். அரண்மனை இருந்த இடத்தில் இன்று காண்பதற்குக் கட்டடம் இல்லை. கொடுங்கல்லூரில் திருக்குலசேகரபுரத்துக் கண்ணன் கோயில் மட்டும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவ்வெள்ளத்திற்கு முன்பே, அந்நகரத்து மனிதர் ஒருவர் கடல் கடந்து அப்பெயரைக் கொண்டுபோயிருக்கிறார். முன்பு பர்மா என வழங்கிய மியான்மர் தேசத்தில் பகான் என்னும் பழைய ராஜதானியில், நானாதேசி விண்ணகர் என்னும் விஷ்ணு ஆலயத்தைச் சேர்ந்த பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. முகுந்தமாலைச் சுலோகம் ஒன்றை முதலில் பொறித்து, அதன்கீழ்த் தமிழில் தானத்தை வரைந்திருக்கிறார்கள். மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்தைச் சேர்ந்த அந்த அன்பருடைய மற்றொரு பெயர் குலசேகர நம்பி. அவ்வாலயத்துக்கு அவர் ஒரு திருமண்டபம் கட்டுவித்து, திருக்கதவும் இடுவித்து, உள்ளே நின்றெரிய ஒரு நிலைவிளக்கும் வைத்தார்.